கிழக்கு வேலியில் ஒரு பனங்காடை

ஹிஸ்கே பஸ் ஓட்டும் நாளில் நேரத்துக்குப் போய்ச் சேர்வது சந்தேகம்தான் என்று எங்கள் தீவில் எல்லோருக்கும் தெரியும். துறைமுகத்திலிருந்து கிழக்கு முனைவரை ஒரே சாலை, ஒரே பஸ். வழியில் ஏதாவது ஒரு புதர் அசைந்தால் போதும், பிரேக் விழும். சுற்றுலா வந்தவர்கள் டயர் பஞ்சர் என்று பதறுவார்கள். உள்ளூர்ப் பெண்கள் பையிலிருந்து பின்னல் ஊசியை எடுத்துக்கொள்வார்கள். ஹிஸ்கே கண்ணாடியை இறக்கி, தொலைநோக்கியைக் கண்ணில் வைத்து, நிதானமாகப் பார்த்துவிட்டு, "அட, சிட்டுதான்" என்று பஸ்ஸுக்கே பொதுவாக அறிவித்துவிட்டு மறுபடி கியர் போடுவாள்.

ஒருமுறை கப்பலைத் தவறவிட்ட ஒரு ஜெர்மானியர் நிர்வாகத்துக்குப் புகார் எழுதினார். மேலாளர் கூப்பிட்டுக் கேட்டதற்கு, "சரி, இனிமே நிறுத்தல" என்று நல்ல பிள்ளையாகச் சொல்லிவிட்டு வந்தாள். மறுநாளே ஒரு கதிர்க்குருவிக்காக நிறுத்தினாள். மேலாளரும் அந்த பஸ்ஸில்தான் இருந்தார், பாவம்.

கணவன் ரீன்ட்ஸ் கப்பலில் கயிறு போடுகிறவன். காலையில் அவன் இறக்கிவிடும் ஆட்களை இவள் ஏற்றிக்கொள்வாள். ஒரே மகன் பெருநிலத்தில் கம்ப்யூட்டர் வேலை. கடற்காகத்துக்கும் வாத்துக்கும் வித்தியாசம் தெரியாத பிள்ளை என்று அவனைப் பற்றி அவளுக்கு ஒரு தீராத குறை. மற்றபடி குறையில்லாத குடும்பம். அழகி என்றோ பணக்காரி என்றோ ஹிஸ்கேவுக்குப் பெயர் கிடையாது. ஒரே ஒரு பெயர்தான் இருந்தது. பறவை விஷயத்தில் ஹிஸ்கே சொன்னால் சொன்னதுதான். அந்தப் பெயரை அவள் தன் வீட்டை விட, ஏன், ரீன்ட்ஸை விடவும் பத்திரமாக வைத்திருந்தாள்.

வசந்தத்தில், கிழக்குக் காற்றும் மழையும் சேர்ந்து அடிக்கும் விடிகாலைகளில், தெற்கிலிருந்து வடக்கே போகிற பறவைகள் களைத்துப்போய் எங்கள் தீவில் விழும். அந்தச் சில வாரங்கள் இங்கே பறவை பார்க்கிறவர்கள் ஒழுங்காகச் சாப்பிடுவதும் இல்லை, மனைவி மக்களோடு முகம் கொடுத்துப் பேசுவதும் இல்லை. எல்லோருக்கும் ஒரு வாட்ஸப் குழு. அதன் தலைவர் மைன்டெர்ட், துறைமுகத்தில் புகைபோட்ட மீன் விற்கிறவர். குழுவுக்குச் சில சட்டங்கள் உண்டு. அபூர்வமான பறவையைக் கண்டால் அந்த நிமிடமே சொல்லிவிட வேண்டும், ஒளிக்கக் கூடாது. பறவையை நெருங்கிப் போய்த் தொந்தரவு செய்தால் குழுவிலிருந்து நீக்கம், பேச்சே கிடையாது. தனியாகப் பார்த்து, படமும் இல்லையென்றால், இரண்டாவதாக ஒருவர் பார்த்தால்தான் கணக்கில் சேரும். இந்தக் கடைசிச் சட்டத்தைக் கொண்டுவந்ததே ஹிஸ்கேதான். விடுமுறைக்கு வந்த யாரோ ஒருவர் தினம் ஒரு கழுகு பார்த்ததாக அளந்துவிட்டதில் கடுப்பாகிக் கொண்டுவந்தாள். இன்னொன்று சட்டமல்ல, வழக்கம். தீவுக்குப் புதிய பறவையைக் கண்டுபிடித்தவர் தன் செலவில் ஆப்பிள் கேக் வாங்கிவந்து மைன்டெர்டின் கடையில் எல்லோருக்கும் கொடுக்க வேண்டும். மற்றவர்கள் கை குலுக்கிவிட்டுத் தின்ன வேண்டும். பொறாமையை விழுங்குவதற்குக் காபியும் உண்டு.

முப்பது வருஷத்துக்கும் மேலாக ஹிஸ்கே இந்தத் தீவில் பார்க்காத பறவை அநேகமாக இல்லை, ஒன்றைத் தவிர. அது பனங்காடை. உங்கள் ஊரில் மின்கம்பியில் சும்மா உட்கார்ந்திருக்குமே, பறக்கும்போது திடீரென்று இறக்கை நீலமாக விரியுமே, அதன் பங்காளிதான். இவ்வளவு வடக்கே அது வழி தவறித்தான் வர வேண்டும். வேறு தீவுகளுக்கு வந்திருக்கிறது. இங்கே வந்ததில்லை. வந்தால் தன் கண்ணில்தான் முதலில் பட வேண்டும் என்று ஹிஸ்கே முடிவுகட்டி வைத்திருந்தாள். ரீன்ட்ஸ் அதை "உன் நீலக்காரன்" என்பான். "அவன் வந்தா என்னை விட்டுட்டுப் போயிடுவியே" என்பான். அவள் இல்லையென்று சொன்னதில்லை.

இப்படி இருக்கும்போதுதான் ஒடீலியா வந்து சேர்ந்தாள். பெருநிலத்தில், உட்ரெக்ட் நகரத்தில் பல் மருத்துவராக இருந்து ஓய்வு பெற்றவள். கணவர் இறந்தபின் கிழக்குக் கிராமத்தில் ஒரு வீட்டை வாங்கிக் குடிவந்தாள். விலையுயர்ந்த கேமரா, வழவழப்பான பேச்சு, எல்லோரிடமும் சிரித்த முகம். வந்த முதல் வசந்தத்திலேயே துணி உலர்த்தப் போனவள் தன் புல்வெளியில் ஒரு கொண்டலாத்தியைப் பார்த்தாள். அதே கொண்டலாத்திக்காக ஹிஸ்கே இரண்டு நாளாக மணல்மேடு மணல்மேடாக சைக்கிளை உருட்டிக்கொண்டு அலைந்திருந்தாள். அடுத்த வருஷம் குளியலறை ஜன்னலிலிருந்து பஞ்சுருட்டான், அதுவும் மூன்று. பல் துலக்கிக்கொண்டே பார்த்தாளாம்! அது தீவுக்கே புதுசு என்பதால் கேக் வந்தது.

"இப்படியே போனா எனக்கு சர்க்கரை வந்துடும் போல" என்றார் மைன்டெர்ட், வாயில் கேக்கோடு.

"எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க. அதுங்களா வந்து உக்காருது" என்று ஒடீலியா வெட்கப்பட்டாள்.

அந்த அடக்கம்தான் ஹிஸ்கேவுக்கு வயிற்றெரிச்சலைக் கிளப்பியது. பீற்றிக்கொண்டாலாவது வாய்விட்டுத் திட்டலாம். கையைக் குலுக்கி, "வாழ்த்துகள்" என்று சொன்னாள். கேக்கை ஒரு துண்டு கடித்துவிட்டுத் தட்டை ஓரமாக வைத்தாள்.

"நல்லா இல்லையா?" என்று ஒடீலியா கேட்டாள்.

"நல்லாத்தான் இருக்கு. எனக்கு இனிப்பு ஆகாது."

வீட்டுக்குப் போய் ஒரு முழு பாக்கெட் சாக்லேட் பிஸ்கட்டைத் தின்று தீர்த்தாள். ரீன்ட்ஸ் பார்த்துவிட்டு, "அந்தப் பல் டாக்டரம்மா மறுபடி எதையோ கண்டுபிடிச்சுட்டாங்களா?" என்றான். அவள் பிஸ்கட் காகிதத்தை அவன்மேல் எறிந்தாள்.

பொறாமை என்பதை ஹிஸ்கே மறைக்கவும் இல்லை, தனக்குத்தானே வேறு பெயர் வைத்துக்கொள்ளவும் இல்லை. வெயிலிலும் காற்றிலும் முப்பது வருஷம் நின்றவள் நான், ஜன்னலைத் திறந்தவளுக்குக் கிடைக்கிறதா என்று அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒடீலியா பஸ்ஸில் ஏறி வணக்கம் சொன்னால் சாலையைப் பார்த்துக்கொண்டே தலையை ஆட்டுவாள். அவள் இறங்க வேண்டிய நிறுத்தத்தில் பஸ் எப்போதும் கொஞ்சம் தள்ளித்தான் நிற்கும்.

அதற்கடுத்த வருஷம் மே மாதம் ஒரு காலையில் மழை விட்டிருந்தது, காற்று கிழக்கிலிருந்தே அடித்தது. கடைசி நிறுத்தத்தில் எல்லோரும் இறங்கியபின் ஹிஸ்கேவுக்கு இடைவேளை. வழக்கம்போல் தொலைநோக்கியோடு கடல் தடுப்புக் கரையில் ஏறி மறுபக்கம் இறங்கினாள். அங்கே ஒரு ஆட்டுப் பண்ணை, சுற்றிலும் கம்பி வேலி. அந்தப் பள்ளத்தில் போனுக்கு சிக்னல் கிடையாது.

வேலிக் கம்பியில் நீலமாக ஒன்று உட்கார்ந்திருந்தது.

ஈரப் புல்லில் அப்படியே உட்கார்ந்தாள். பறவை தரையில் குதித்து ஒரு வண்டைக் கவ்விக்கொண்டு மறுபடி கம்பிக்கு ஏறியது. ஏறும்போது இறக்கை விரிந்தது. ஹிஸ்கே அழுதாள். தொலைநோக்கிக் கண்ணாடியில் ஆவி படிந்து பறவை மங்கியது. துடைத்துத் துடைத்துப் பார்த்தாள். தன் தாயின் சாவுக்குக்கூட அவள் இப்படி அழவில்லை என்று பின்னால் ரீன்ட்ஸிடம் சொன்னாள். என்னுடையது, என் கண்ணில்தான் முதலில் பட்டது என்று வாய்விட்டே சொல்லிக்கொண்டாள். எந்தக் கடையில் கேக் வாங்குவது என்றுகூட யோசித்துவிட்டாள்.

செய்தி அனுப்பக் கரைமேல் ஏறினாள். சிக்னல் வந்தது. கூடவே ஒடீலியாவின் செய்தியும் வந்து விழுந்தது.

"பனங்காடை! கிழக்குப் பண்ணை வேலியில். கேமரா கொண்டுவரவில்லை, எடுத்துவர வீட்டுக்குப் போகிறேன். எல்லோரும் சீக்கிரம் வாருங்கள்!"

ஹிஸ்கே அதை மூன்று முறை படித்தாள். அதற்குள் மேற்கிலிருந்து பதில்கள் பொழிந்தன. கிளம்பிவிட்டேன், கடையைச் சாத்திவிட்டேன், மாமியாரை நடுவழியில் இறக்கிவிட்டேன் என்று ஆளாளுக்கு எழுதினார்கள். பிறகு மைன்டெர்ட் எழுதினார்: "ஹிஸ்கே, நீ இப்போ கடைசி நிறுத்தத்துலதானே இருப்பே? பறவை இருக்கா?"

இருக்கிறது என்று ஒரு சொல் எழுதினால் போதும். பறவை கணக்கில் சேரும், கண்டவர் ஒடீலியா. தனக்கு இரண்டாவது கண் என்ற பெயர். முப்பது வருஷத்துக்கு இரண்டாவது கண்! நிதானமாகத் தட்டினாள்.

"வேலியில ஒண்ணும் இல்லை. ஒரு காட்டுப் புறா மட்டும் உக்காந்திருக்கு. வெயில் பட்டா கொஞ்சம் நீலமா தெரியுது."

அனுப்பியபின்தான் உறைத்தது. ஆட்கள் வந்துகொண்டிருக்கிறார்கள், பறவை இன்னும் கம்பியிலேயே இருக்கிறது. ஹிஸ்கே கரையிலிருந்து இறங்கி ஓடினாள். சீருடையின் மஞ்சள் மேலங்கியைக் கழற்றித் தலைக்குமேல் சுழற்றிக்கொண்டு, "போ! போயிடு!" என்று கத்திக்கொண்டு வேலியைப் பார்த்து ஓடினாள். ஆடுகள் மிரண்டு சிதறின. பனங்காடை எழுந்தது, அவள் தலைக்குமேல் ஒரு வட்டம் போட்டது, கடலைப் பார்த்துப் போய்விட்டது.

கூட்டம் வந்து சேர்ந்தபோது அவள் மேலங்கியை மாட்டிக்கொண்டு பஸ் பக்கத்தில் நின்றிருந்தாள். ஒடீலியாவும் மணல்மேட்டுப் பாதை வழியாக சைக்கிளில் வந்து சேர்ந்தாள், கழுத்தில் கேமரா. மூச்சு வாங்கியது, முகம் வெளுத்திருந்தது.

"ஏம்மா, படம் கிடைச்சுதா?" என்று மைன்டெர்ட் கேட்டார்.

ஒடீலியா ஹிஸ்கேவை ஒரு பார்வை பார்த்தாள். "சொல்லிக்கிற மாதிரி ஒண்ணும் இல்லைங்க" என்றாள்.

"புறா சில சமயம் அப்படித்தான் ஏமாத்தும். எல்லாருக்கும் நடக்கிறதுதான்" என்றார் மைன்டெர்ட், பெரிய மனசு பண்ணி.

"நான் பார்த்தது பனங்காடை" என்றாள் ஒடீலியா. சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போய்விட்டாள்.

அன்று மாலை ரீன்ட்ஸ் உருளைக்கிழங்கை மசித்துக்கொண்டே, "என்ன, உன் நீலக்காரன் வந்தானாமே?" என்று கேட்டான்.

"வரல. புறா."

"அப்ப ஏன் முகம் அழுத மாதிரி இருக்கு?"

"காத்து."

முதல் இரண்டு நாள் ஹிஸ்கேவுக்கு நன்றாகவே இருந்தது. ஒடீலியா ஒரு செய்தி போட்டால் யாரும் கிளம்பவில்லை. பழைய கொண்டலாத்தியைக்கூடச் சிலர் சந்தேகப்பட ஆரம்பித்தார்கள். கடையில் அவளுக்கு நீலப் புறா என்று பெயர் விழுந்தது. ஹிஸ்கேவும் சேர்ந்து சிரித்தாள்.

மூன்றாம் நாளிலிருந்து வேறொரு வாதை தொடங்கியது. வாழ்நாள் பூராவும் காத்திருந்த பறவையைப் பார்த்தாயிற்று, யாரிடமும் சொல்ல முடியவில்லை. ஸ்டியரிங்கைப் பிடித்திருக்கும்போது அந்த இறக்கை கண்முன் விரியும், வாய் தானாகத் திறக்கும், மூடிக்கொள்வாள். ஒடீலியாவை யாரும் நம்பவில்லைதான், ஆனாலும் அவள் பார்த்ததைப் பார்த்தேன் என்று உரக்கச் சொல்லிவிட்டாளே! அந்தப் பாக்கியமும் அவளுக்கே கிடைத்துவிட்டதே என்று ஹிஸ்கேவுக்குப் புதிதாக எரிந்தது.

மே முடியும் சமயம் ஒருநாள், கடைசி நிறுத்தத்தில் எல்லோரும் இறங்கியபின்னும் ஒடீலியா இறங்கவில்லை. முன்னால் வந்து ஓட்டுநர் இருக்கைக்குப் பக்கத்தில் நின்றாள்.

"ஒண்ணு காட்டணும்" என்று கேமராவை நீட்டினாள்.

சின்னத் திரையில் பனங்காடை. மேலெழும் கணம், இரண்டு இறக்கையும் முழுசாக விரிந்து, ஒவ்வொரு இறகும் தனித்தனியாகத் தெரிந்தது. அதற்குக் கீழே, வாய் பிளந்து, மஞ்சள் மேலங்கியைச் சுழற்றிக்கொண்டு ஹிஸ்கே.

பஸ்ஸில் இன்ஜின் மட்டும் உறுமிக்கொண்டிருந்தது. ஹிஸ்கே அதை அணைத்தாள்.

"மணல்மேட்டு மேலேருந்து எடுத்தேன்" என்றாள் ஒடீலியா.

"அப்பவே ஏன் காட்டல?"

"காட்டணும்னுதான் இருந்தேன். அவ்வளவு கோவம். அப்புறம் யோசிச்சேன். காட்டினா என்ன ஆகும்? எங்கேருந்தோ வந்தவ நம்ம ஹிஸ்கேவை அசிங்கப்படுத்திட்டான்னுதான் ஊர் பேசும். பறவை என்னுதாகும், ஊர் உங்களுதாகவே இருக்கும். நான் இங்க வீடு வாங்கிட்டேனே. சரி, பல்லைக் கடிச்சுக்கிட்டு இருந்துடலாம்னு பார்த்தேன்."

"இப்ப?"

"நேத்து மீன் வாங்கப் போனேன். 'மீனா, புறாவா, எது வேணும்'னு மைன்டெர்ட் கேக்கறார். கடையே சிரிக்குது. போதும்னு ஆயிடுச்சு. வீட்டை விக்கச் சொல்லிட்டேன்." ஒடீலியா கேமராவைத் தன் பக்கம் திருப்பினாள். "உங்களுக்கு பயம் வேண்டாம். உங்க முன்னாடியே அழிச்சிடறேன்."

கட்டைவிரல் ஒரு பொத்தானை அழுத்தியது. அழிக்கலாமா என்று திரை கேட்டது.

ஹிஸ்கே விரும்பியதெல்லாம் ஒரே நிமிடத்தில் கைக்கு வந்துவிட்டது. எதிரி ஊரைவிட்டுப் போகிறாள், சாட்சியம் அழிகிறது, பெயர் பிழைக்கிறது. அவள் செய்ததோ, இரண்டு கையாலும் ஒடீலியாவின் மணிக்கட்டைப் பிடித்ததுதான்.

"ஐயோ, அழிக்காதீங்க! பனங்காடை அது!"

"நீங்களும் இருக்கீங்களே அதுல."

"பெருசாக்கிக் காட்டுங்க. அந்த இறக்கையை."

ஒடீலியா காட்டினாள். இரண்டு பெண்களும் தலையோடு தலை முட்ட அந்தச் சின்னத் திரையைப் பார்த்தார்கள். என்ன படம்! எவ்வளவு துல்லியம்! இதையும் இவள்தான் எடுக்க வேண்டுமா என்று ஹிஸ்கேவுக்கு அந்த நேரத்திலும் வயிறு எரிந்தது.

"இதைக் குழுவுல போடுங்க" என்றாள்.

ஒடீலியா படத்தின் கீழ்ப்பாதியை விரலால் மறைத்துக் காட்டினாள். "வேணும்னா ஒண்ணு பண்ணலாம்" என்றாள். "கீழ இருக்கிறதை வெட்டிடலாம். பறவை மட்டும் இருக்கும். எனக்கு என் பேர் திரும்பிடும். நீங்க பார்த்தப்ப பறவை எங்கேயோ தள்ளிப் போயிருந்துது, புறாவைத்தான் பார்த்தீங்க, அவ்வளவுதான். யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க."

நியாயமான வழிதான். ஹிஸ்கே அதை நினைத்துப் பார்த்தாள். எல்லோரும் அந்தப் படத்தைப் பார்ப்பார்கள். ஒடீலியாவின் கையைக் குலுக்குவார்கள். தன் பக்கம் திரும்பி, "அடடா, நீ அங்கேயே இருந்தும் உனக்குக் கிடைக்கலையே" என்பார்கள். சாகும்வரை சொல்வார்கள். பனங்காடை வந்த நாளில் அதே வேலியில் புறாவைப் பார்த்துவிட்டுப் போனவள் ஹிஸ்கே.

"வெட்டக் கூடாது" என்றாள்.

"யோசிச்சுச் சொல்லுங்க. முழுப் படத்தையும் போட்டா உங்களை வெச்சுக்க மாட்டாங்க."

"அது எனக்குத் தெரியாதா? பாதிச் சட்டம் நான் போட்டது." ஹிஸ்கே திரையிலிருந்த இறக்கையைத் தொட்டாள். "நானும் பார்த்தேங்க. கம்பியில உக்காந்திருந்தப்பவே பார்த்தேன். வண்டு புடிச்சதைப் பார்த்தேன். புல்லுல உக்காந்து அழுதேன். பார்க்காதவன்னு மட்டும் என்னைச் சொல்ல விட மாட்டேன்."

ஒடீலியா படத்தைப் போனுக்கு மாற்றினாள். அனுப்பும் பொத்தானை ஹிஸ்கேதான் அழுத்தினாள்.

முதலில் வந்ததெல்லாம் பறவையைப் பற்றித்தான். என்ன நீலம், என்ன இறக்கை, ஒடீலியா எங்களை மன்னிச்சுடுங்க என்று வரிசையாக வந்தன. கீழே இருந்த பெண்ணைக் கவனிக்கவே அவர்களுக்குச் சற்று நேரம் பிடித்தது. கடைசியில் மைன்டெர்ட் மட்டும் எழுதினார்: "ஹிஸ்கே, அது நீயா?"

"நான்தான். கண்டுபிடிச்சது ஒடீலியா. புறான்னு பொய் சொன்னது நான், விரட்டினது நான்" என்று எழுதியவள், விரலை எடுத்துவிட்டு மறுபடி வைத்தாள். "பார்த்தேன்" என்று ஒரு சொல்லைச் சேர்த்தாள்.

மைன்டெர்ட் அவளைக் குழுவிலிருந்து நீக்கினார். நீக்கும்போது அழுதார் என்று கடையில் வேலைபார்க்கிற பெண் சொன்னாள். ஒடீலியா வீட்டை விற்கவில்லை, இப்போது ஜன்னலிலிருந்து எதைப் பார்த்தாலும் தீவே ஓடுகிறது. ஹிஸ்கே பஸ் ஓட்டுகிறாள், ஒடீலியாவின் நிறுத்தத்தில் இன்னமும் கொஞ்சம் தள்ளித்தான் நிறுத்துகிறாள். அவள் ஏதோ புதருக்காக பிரேக் போட்டால் பஸ்ஸில் இருக்கிற பறவைக்காரர்கள் எட்டிக்கூடப் பார்ப்பதில்லை. ஹிஸ்கே சொன்னால் சொன்னதுதான் என்று இப்போது யாரும் சொல்வதில்லை. ஆனால் மைன்டெர்டின் கடைச் சுவரில் அந்தப் படத்தைப் பெரிதாகச் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறார்கள், வெட்டாமல். அவள் பனங்காடையைப் பார்த்தாள் என்பதில் மட்டும் தீவில் ஒருவருக்கும் சந்தேகமில்லை.